வால்ட் டிஸ்னியும் கழுவப்பட்ட சித்திரங்களும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்)

வேதியியல் படிக்கும் மாணவனுக்கும் மிக்கி எலியைப் படைத்த வால்ட் டிஸ்னிக்கும் என்ன உறவு என்று இம்மலரைப் புரட்டும் நண்பர்கள் கேட்கக்கூடும். உறவு வகுப்பறையில்தான் தொடங்கியது. பருத்தியை நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த கலவையில் இட்டால் வெடிபஞ்சு கிடைக்கும். நைட்ரேட் ஏற்றத்தைக் குறைத்து, நாம் கோயிலில் கொளுத்துகிற கற்பூரத்தையும் சேர்த்துவிட்டால் அதுவே செல்லுலாய்டாகிவிடும். இதை நடத்திக்கொண்டிருந்த எங்கள் பேராசிரியர் போகிற போக்கில் ஒரு செய்தியும் சொன்னார். 1934இல் வெளிவந்த "ஆர்பன்ஸ் பெனிபிட்" என்ற மிக்கி எலிப் படத்துக்காக வரைந்த ஒரு கறுப்பு வெள்ளைச் சித்திரம், 1989இல் நியூயார்க் ஏலத்தில் 2,86,000 டாலருக்குப் போனதாம். திரையில் ஒரு நொடியில் ஒரு சிறு பங்கு நேரம் மட்டுமே தோன்றி மறைந்த படம் அது. வேலை முடிந்ததும் கழுவிவிடுவதற்கென்றே செய்யப்பட்ட தாள்.

அதற்கு அவ்வளவு விலையை யார் நிர்ணயித்தார்கள், எதை வைத்து நிர்ணயித்தார்கள் என்ற கேள்வி என்னை விடவில்லை. விடை தேடப் புகுந்தபோது அந்த மனிதரின் வாழ்க்கையையே படிக்க வேண்டியதாயிற்று.

வால்டர் எலியாஸ் டிஸ்னி 1901ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் சிகாகோ நகரில் பிறந்தார். தந்தை எலியாஸ் பல தொழில்களில் இறங்கி எதிலும் நிலைக்காதவர், கண்டிப்புக்குப் பெயர்போனவர். 1906இல் குடும்பம் மிசௌரி மாநிலத்து மார்சலின் என்ற சிற்றூருக்குப் பெயர்ந்து பண்ணை வைத்தது. வால்டின் பிற்காலப் படங்களில் வரும் கோழிகளும் பன்றிகளும் களஞ்சியக் கொட்டகைகளும் அந்த மண்ணில் கண்டவையே.

ஒருநாள் வீட்டருகே ஒரு பீப்பாய் நிறையத் தார் இருப்பதைக் கண்ட சிறுவன், தங்கை ரூத்தையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, குச்சியைத் தாரில் தோய்த்து வீட்டின் வெள்ளைச் சுவரெல்லாம் படம் வரைந்துவிட்டான். தார் போகவில்லை. தந்தைக்கு வந்த கோபமும் எளிதில் போகவில்லை. இந்த இடத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. என் தந்தை சுவர் எழுத்து எழுதுபவர். தேர்தலுக்கும் திரைப்படத்துக்கும் திருவிழாவுக்கும் அவர் எழுதிய எழுத்துகள் எங்கள் வட்டாரத்துச் சுவர்களில் ஒரு மாதம் இருக்கும். பிறகு மேலே சுண்ணாம்பு ஏறிவிடும். அழியாத சுவர்ப்படத்துக்கு அடி வாங்கியவர் வால்ட். அழிந்துபோகும் சுவர்ப்படத்துக்குக் கூலி வாங்குபவர் என் தந்தை.

மார்சலினில் ஷெர்வுட் என்ற ஓய்வுபெற்ற மருத்துவர் இருந்தார். தம் குதிரையைப் படமாக வரைந்து தரும்படி அவர் அச்சிறுவனிடம் கேட்டார். குதிரை ஓரிடத்தில் நிற்கவில்லை. படமும் அப்படியொன்றும் சிறக்கவில்லை. ஆயினும் மருத்துவர் பாராட்டிச் சில்லறைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டார். டிஸ்னியின் கைப்படத்துக்குக் கிடைத்த முதல் மதிப்பீடு அதுதான். அந்த மருத்துவர் ஓவியம் தெரிந்து விலை வைத்தவரல்லர், பையனைப் பார்த்து விலை வைத்தவர் என்பது என் கணிப்பு.

பண்ணை கைவிட்டுப் போனது. 1911இல் கான்சாஸ் நகருக்கு வந்த எலியாஸ் செய்தித்தாள் விநியோகிக்கும் உரிமையை வாங்கினார். அண்ணன் ராயும் தம்பி வால்டும் விடிவதற்கு வெகுநேரம் முன்பே எழுந்து, பனியானாலும் மழையானாலும் வீடுவீடாகத் தாள் போட்டனர். அதற்குத் தந்தை அவர்களுக்குக் கூலி கொடுக்கவில்லை. ஆறாண்டுகள் நீடித்த இந்த வேலை, பின்னாளில் பெரும் செல்வரான பிறகும் அவருடைய கனவில் வந்து அச்சுறுத்தியதாம். வகுப்பில் தூங்கி விழும் மாணவராகவே ஆசிரியர்கள் அவரை அறிந்திருந்தார்கள். அதிகாலையில் பால் ஊற்றிவிட்டு, தாள் போட்டுவிட்டுக் கல்லூரிக்கு வரும் நண்பர்கள் நம்மிடையேயும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சிகாகோவில் உயர்நிலைப் பள்ளியும் இரவில் ஓவிய வகுப்புமாகச் சிலகாலம் கழிந்தது. முதல் உலகப் போர் முடியும் தறுவாயில் வயதை மாற்றி எழுதிச் செஞ்சிலுவைச் சங்கத்தில் சேர்ந்து பிரான்சுக்குப் போய் மருத்துவ ஊர்தி ஓட்டினார். 1919இல் திரும்பியதும் கான்சாஸ் நகரில் விளம்பரப் படம் வரையும் வேலை கிடைத்தது. அங்கேதான் அப் ஐவர்க்ஸ் என்ற இளைஞரைச் சந்தித்தார். இருவரும் ஒத்த வயதினர். ஐவர்க்ஸின் கைவேகமும் கைத்திறமும் தமக்கு இல்லை என்பதை வால்ட் விரைவில் அறிந்துகொண்டார். அதை அறிந்துகொண்டதுதான் அவருடைய பெரிய திறமை என்று சொல்லத் தோன்றுகிறது.

1922இல் தொடங்கிய முதல் நிறுவனம் அடுத்த ஆண்டே திவாலாயிற்று. அறை வாடகைக்கு வழியின்றித் தொழிற்கூடத்திலேயே உறங்கி, வாரம் ஒருமுறை ரயில் நிலையத்தில் காசு கொடுத்துக் குளித்த நாட்கள் அவை. 1923 கோடையில் நாற்பது டாலருடன் ஹாலிவுட்டுக்கு ரயிலேறினார். அண்ணன் ராயும் அவரும் அதே ஆண்டு அக்டோபரில் புதிய நிறுவனம் தொடங்கினர். படங்களுக்கு மை தீட்ட வந்த லில்லியன் என்ற பெண்ணை 1925இல் மணந்தார்.

இங்கே தொழில்முறையைக் கொஞ்சம் விளக்கினால்தான் பிற்பாடு ஏலத்தின் கணக்கு புரியும். திரைப்படத்தில் நொடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு அசைவுக்கும் தனித்தனிப் படம் வேண்டும். தொடக்க காலத்தில் பின்னணியையும் ஒவ்வொரு தாளிலும் திரும்பத் திரும்ப வரைந்தார்கள். 1914இல் ஏர்ல் ஹர்ட் என்பவர் ஒரு வழி கண்டார்: ஒளி ஊடுருவும் செல்லுலாய்ட் தாளில் உருவத்தை மட்டும் வரைந்து, அதை ஒரே பின்னணி ஓவியத்தின் மேல் மாற்றி மாற்றி வைத்துப் படம் எடுப்பது. இத்தாளைத் தொழிலில் செல் என்பார்கள். தாளின் முன்புறம் மையால் கோடு இழுப்பார்கள். பின்புறம் வண்ணம் பூசுவார்கள். டிஸ்னி கூடத்தில் இவ்விரு வேலைகளையும் செய்தவர்கள் பெரும்பாலும் இளம் பெண்கள். கோடு சற்றே தடித்தாலும் திரையில் உருவம் துடிக்கும் என்பதால் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை அது. படம் எடுத்து முடிந்ததும் தாளைக் கழுவி அடுத்த படத்துக்கு வைத்துக்கொள்வார்கள். தாளின் விலைதான் கணக்கில் இருந்ததே தவிர, அதன்மேல் இருந்த சித்திரத்தின் விலை யார் கணக்கிலும் இல்லை. தரையில் கொட்டிக் கிடந்த தாள்களின் மேல் வழுக்கி விளையாடினார்கள் என்றும் கதை உண்டு.

1927இல் ஆஸ்வால்ட் என்ற முயலை உருவாக்கி வால்ட் நல்ல பெயர் எடுத்தார். மறு ஆண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க நியூயார்க் சென்றபோது இடி விழுந்தது. முயலின் உரிமை அவருடையதன்று, யுனிவர்சல் நிறுவனத்துடையது. அவருடைய ஓவியர்களில் பலரையும் விநியோகத்தர் தம் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார். ஐவர்க்ஸ் விட்டுப் போகவில்லை. திரும்பும் ரயிலில் மிக்கி எலி பிறந்தது என்று கதை சொல்வார்கள். எண்ணம் எங்கே பிறந்ததாயினும், எலிக்கு உருவம் தந்து நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் படங்களை வரைந்து தள்ளியது ஐவர்க்ஸின் கை. குரல் கொடுத்தது வால்ட். 1928 நவம்பர் 18இல் "ஸ்டீம்போட் வில்லி" ஒலியோடு நியூயார்க்கில் திரையேறியது. எலி உலகப் புகழ் பெற்றது. (இழந்த முயல் 78 ஆண்டுகள் கழித்து, 2006இல், ஒரு விளையாட்டு வர்ணனையாளரை வேறு தொலைக்காட்சிக்கு விட்டுக்கொடுத்ததற்கு ஈடாக டிஸ்னி நிறுவனத்துக்குத் திரும்பியது. முயலுக்கு மனிதன் விலையாகிய வேடிக்கையை வேறெங்கும் நான் படித்ததில்லை.)

அந்த நாட்களிலேயே வால்ட் படம் வரைவதை ஏறக்குறைய விட்டுவிட்டார். கதை சொல்வது, நடித்துக் காட்டுவது, குறை கண்டுபிடிப்பது, கடன் வாங்குவது இவையே அவர் வேலை. ஆனால் திரையில் பெரிதாக ஒளிர்ந்தது அவர் பெயர்தான். ரசிகர்களுக்கு அனுப்பிய படங்களில் அவர் கையெழுத்தைப் பல வேளைகளில் அவருடைய ஓவியர்களே அனுமதி பெற்றுப் போட்டார்கள். இன்று ஏலக்காரர்களுக்கு இது பெரிய தலைவலி. டிஸ்னி கையெழுத்தென்று வரும் ஒவ்வொன்றையும் உண்மைக் கையெழுத்தோடு ஒப்பிட்டுத்தான் விலை சொல்கிறார்கள்.

1932இல் "பூக்களும் மரங்களும்" முழுவண்ணத்தில் வந்து ஆஸ்கார் பரிசு பெற்றது. அடுத்து முழுநீளப் படம் என்று வால்ட் துணிந்தபோது தொழிலில் உள்ளவர்கள் பைத்தியக்காரத்தனம் என்றார்கள். "ஸ்னோ வைட்" படத்துக்குப் போட்ட திட்டம் இரண்டரை லட்சம் டாலர். முடிந்தபோது செலவு ஏறத்தாழ 15 லட்சம். வீட்டை அடகு வைத்தும் வங்கியில் கடன்பட்டும் எடுத்த அப்படம் 1937 டிசம்பர் 21இல் வெளியாயிற்று. போட்ட பணம் பன்மடங்காகத் திரும்பியது. ஆஸ்கார் குழுவினர் பெரிய சிலை ஒன்றும் குட்டிச் சிலைகள் ஏழும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

இந்த வெற்றிக்குப் பிறகுதான் சான்பிரான்சிஸ்கோ நகரில் ஓவியக்கூடம் வைத்திருந்த குத்ரி கூர்வாசியே என்பவர் வால்டை அணுகினார். கழுவிக் கொட்டும் தாள்களைத் தம்மிடம் கொடுத்தால் சட்டமிட்டு ஓவியமாக விற்றுத் தருவதாகச் சொன்னார். 1938இல் ஒப்பந்தமாயிற்று. ஆயிரக்கணக்கில் தேர்ந்தெடுத்து, சிலவற்றை உருவத்தின் ஓரமாகவே வெட்டி, மெல்லிய மரத்தகட்டின் மேலோ புதிதாக எழுதிய எளிய பின்னணியின் மேலோ ஒட்டி, பின்புறம் சீட்டு பதித்து விற்றார்கள். சில டாலர் கொடுத்தால் ஒரு குள்ளனை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். ஓவியமா விளையாட்டுப் பொருளா என்று சிலர் சிரித்தாலும், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் "ஸ்னோ வைட்" படத்திலிருந்து இரண்டு கழுகுகளின் சித்திரத்தைத் தன் தொகுப்பில் சேர்த்துக்கொண்டது. கூர்வாசியே அன்று ஒட்டிய சீட்டுதான் இன்று பல தாள்களுக்குப் பிறப்புச் சான்றிதழ்.

புகழின் உச்சியில் பிளவு வந்தது. தலைமை ஓவியர்கள் வாரத்துக்கு நூற்றுக்கணக்கில் டாலர் பெற்றபோது, வண்ணம் தீட்டும் பெண்கள் இருபது டாலரும் பெறவில்லை. திரையில் பெயரும் இல்லை. 1941 மே மாதம் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். வால்ட் அதைத் தமக்கு இழைத்த துரோகமாகவே கருதினார். 1947இல் அரசின் விசாரணைக் குழுமுன் தம் பழைய ஊழியர்களைப் பொதுவுடைமையினர் என்று பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டினார். கூலியில்லாமல் தாள் போட்ட சிறுவன் இதை எப்படிச் செய்தான் என்பது எனக்கு விளங்கவில்லை. அவர் வரலாற்றை எழுதுவோர் இப்பகுதியை இரண்டு வரியில் தாண்டிவிடுவதும் எனக்கு உடன்பாடில்லை.

போருக்குப் பின் "சிண்டரெல்லா" (1950) நிறுவனத்தைக் காப்பாற்றியது. 1955 ஜூலை 17இல் டிஸ்னிலாந்து திறந்தது. அப்பூங்காவில் ஒரு கடையில் உண்மையான படத்தாள்களை ஓரிரு டாலருக்கு விற்றார்கள். குழந்தைகள் பலூன் வாங்குவதுபோல வாங்கிப் போனார்கள். 1961இல் வந்த "101 டால்மேஷியன்கள்" படத்தில் ஐவர்க்ஸ் செப்பனிட்ட ஜெராக்ஸ் முறை வந்தது. பென்சில் கோட்டை இயந்திரமே தாளில் ஏற்றிவிடும். நுண்ணிய கைக்கோடு இழுத்த பெண்களின் வேலை பெரும்பாலும் அத்துடன் முடிந்தது. வால்டுக்கு அக்கோட்டின் முரட்டுத்தனம் பிடிக்கவில்லை. செலவு மிச்சம் என்பதால் பொறுத்துக்கொண்டார். 1966 டிசம்பர் 15இல், அறுபத்தைந்து நிறைந்து பத்தே நாளில், நுரையீரல் புற்றுநோயால் காலமானார். உடலை உறையவைத்துப் பாதுகாக்கிறார்கள் என்று இன்றும் சொல்வார் உண்டு. அது பொய், உடல் எரியூட்டப்பட்டது.

அவர் மறைந்தபின்தான் தாள்களின் இரண்டாம் வாழ்க்கை தொடங்குகிறது. 1984இல் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் நிறுவனம், டிஸ்னி கூடத்தின் பழைய ஊழியர் ஒருவர் சேர்த்து வைத்திருந்த சித்திரங்களை ஏலம் விட்டது. குப்பைக்குப் போகவிருந்தவற்றை அவர் கேட்டு வாங்கி வைத்திருந்தாராம். எதிர்பார்ப்பை மீறி விலை ஏறியது. அதிலிருந்து ஐந்தே ஆண்டுகளில் நான் முதலில் சொன்ன 2,86,000 டாலர்.

மதிப்பிடுபவர் என்ன பார்க்கிறார்? முதலில், இந்தத் தாள் உண்மையில் ஒளிப்படக் கருவியின் அடியில் கிடந்ததா என்று பார்க்கிறார். கடைக்கென்றே பின்னாளில் வரைந்தவையும் அச்சிட்டவையும் ஏராளம். அவற்றுக்கு விலை குறைவு. ஓரத்துத் துளைகள், மூலையில் எழுதிய வரிசை எண், பின்னுள்ள சீட்டு, கை மாறிய வரலாறு எல்லாவற்றையும் ஆராய்கிறார். பிறகு உருவம்: முழு உருவமா, கண் திறந்திருக்கிறதா, முகம் நம்மை நோக்குகிறதா, படத்தை நினைத்தவுடன் மனத்தில் வரும் காட்சியா? கண் மூடிய இளவரசிக்கு விலை குறைவு என்பதைப் படித்தபோது பெண் பார்க்கும் படலம் நினைவுக்கு வந்தது. எல்லாவற்றிலும் பெரிது பின்னணி ஓவியம். ஒரு பின்னணிக்கு முன் நூற்றுக்கணக்கான தாள்கள் மாறி மாறி வரும். ஆகவே பின்னணியே அரிது. ஒரே காட்சிக்குரிய தாளும் அதன் சொந்தப் பின்னணியும் சேர்ந்து கிடைத்துவிட்டால், இரண்டின் தனித்தனி விலையைக் கூட்டினால் வருவதைவிடக் கூடுதல் வரும். கறுப்பு வெள்ளைக் காலத்துத் தாள்கள் மிகமிகக் குறைவாகவே எஞ்சியுள்ளன. எல்லாம் கழுவப்பட்டதால்தான் எஞ்சிய ஒன்றுக்கு இந்த விலை!

அடுத்தது நிலைமை. இங்கேதான் நம் பாடம் வருகிறது. செல்லுலோஸ் நைட்ரேட் தானே சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடுகளை வெளியிடுகிறது. காற்றின் ஈரத்தோடு அவை அமிலமாகி மேலும் சிதைவைத் தூண்டுகின்றன. தாள் மஞ்சளித்துச் சுருங்கி அலையலையாய் வளைகிறது. எளிதில் தீப்பற்றும் என்பதால் பின்னாளில் செல்லுலோஸ் அசிடேட்டுக்கு மாறினார்கள். அதுவும் தப்பவில்லை. நீராற்பகுப்பில் அசிட்டிக் அமிலம் பிரிந்து ஊறுகாய்க்கடை வாசம் வீசும். டிஸ்னி கூடம் தானே தயாரித்த வண்ணத்தில் பசை, நம் கடைகளில் கிடைக்கும் அரபுக் கோந்துதான். தாள் சுருங்கும் அளவுக்கு வண்ணம் சுருங்காது. ஈரம் வற்றினால் வெடித்துப் பெயரும். அழகுக்காகக் காற்றுப் புகாமல் கண்ணாடிச் சட்டமிட்டு அடைத்தால் அமில ஆவி உள்ளேயே தங்கி அழிவை விரைவாக்கும். அண்மைக் காலத்தில் அமெரிக்காவின் கெட்டி பாதுகாப்பு நிறுவனமும் டிஸ்னியின் ஆவணக் காப்பகமும் சேர்ந்து, ஈரப்பதத்தை அளவாக ஏற்றிப் பெயர்ந்த வண்ணத்தை மீண்டும் ஒட்டவைக்க ஆய்வு செய்துள்ளன. பழுது பார்த்து மறுவண்ணம் பூசிய தாளானால் அதை வெளிப்படையாகச் சொல்வதுதான் முறை. சொல்லாமல் விற்பது மோசடி.

இத்தனையும் பார்த்து, இதற்குமுன் இதுபோன்றது என்ன விலைக்குப் போனது என்று ஒப்பிட்டு, இன்ன தொகையிலிருந்து இன்ன தொகைக்குள் என்று ஏலப் பட்டியலில் அச்சிடுகிறார்கள். விற்பவர் இதற்குக் கீழே தரமாட்டேன் என்று இரகசியமாக ஓர் எல்லையும் வைப்பார். சுத்தியல் விழுந்த தொகைக்குமேல் வாங்குபவர் ஏலக்கூடத்துக்குத் தரகும் தரவேண்டும். செய்தியில் வரும் தொகை பெரும்பாலும் தரகையும் சேர்த்தது. விற்றவர் கைக்கு வருவது வேறு. நம் ஊர்களில் புளியமர ஏலத்தில் வீம்புக்காரர் இருவர் எதிரெதிரே உட்கார்ந்துவிட்டால் மரம் காய்த்ததற்கும் விலைக்கும் தொடர்பில்லாமல் போகுமே, அதேதான் அங்கும். 1989இன் உச்சத்துக்குப் பிறகு சில ஆண்டுகளில் சந்தை சரிந்து, முதலீடென்று வாங்கியவர்கள் நட்டப்பட்டார்கள்.

விடுமுறையில் இதையெல்லாம் என் தந்தைக்குச் சொன்னேன். தூரிகையைக் கழுவிக்கொண்டே கேட்டவர், அந்த வண்ணம் தீட்டிய பெண்களுக்கு இதில் ஏதும் போகுமா என்று மட்டும் கேட்டார். போகாது என்றேன். அமெரிக்கச் சட்டத்தில் மறுவிற்பனையில் ஓவியருக்குப் பங்கில்லை. தவிரவும் அத்தாள்களில் தீட்டியவர் பெயரே கிடையாது. அவர் மேலே எதுவும் கேட்கவில்லை.

1989இல் வந்த "லிட்டில் மெர்மெய்ட்" படத்தோடு டிஸ்னி நிறுவனத்தின் முழுநீளப் படங்களில் கையால் வண்ணம் தீட்டிய தாள்கள் முடிந்துபோயின. பிறகு கணிப்பொறி வந்துவிட்டது. இனிக் கிடைப்பதெல்லாம் ஏற்கெனவே இருப்பவையே. அவையும் எங்கே கிடைக்கும் என்று சொல்ல முடியாது. 1960இல் "ஸ்லீப்பிங் பியூட்டி" படத்தையொட்டி ஜப்பானில் காட்சிக்கு வைக்க டிஸ்னி கூடத்திலிருந்து இருநூறுக்கும் மேற்பட்ட சித்திரங்கள் சென்றன. பிறகு அவை அன்பளிப்பாக ஓர் அருங்காட்சியகத்துக்கும், அங்கிருந்து சிபா பல்கலைக்கழகத்துக்கும் போய்ச் சேர்ந்தன. அங்கே பொருள் வைக்கும் அறையொன்றில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் யாரும் நினைக்காமல் கிடந்தன. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் யாரோ திறந்து பார்த்திருக்கிறார்கள். 2006இல் டோக்கியோவில் அவற்றைக் காட்சிக்கு வைத்தார்கள். பின்னர் டிஸ்னி நிறுவனம் பெற்றுக்கொண்டு, பல்கலைக்கழக மாணவர்களின் படிப்புதவிக்கெனப் பணம் வழங்கியது. நம் வேதியியல் துறையின் பின்னுள்ள பூட்டிய அறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்று சென்ற வாரம் ஆய்வக உதவியாளர் அண்ணனிடம் கேட்டேன். தேடிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.